பேஸ்பால் வரலாற்றில் மறக்க முடியாத தருணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பலர் பலதைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், 1974 ஏப்ரல் 8, அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். அந்த ஊர் பிரேவ்ஸ் அணியின் கறுப்பின வீரர் ஹாங்க் ஆரோன் தன் 715-வது ஹோம் ரன்னை அடித்த இரவு.

ஹோம் ரன் என்றால் கிட்டத்தட்ட நம் சிக்ஸர்தான். பந்து வேலியைத் தாண்டிவிடும். ஆனால் அடித்தவர் நான்கு பேஸ்களையும், அதாவது ஆடுகளத்தின் நான்கு மூலைகளையும், ஓடிச் சுற்றி வந்தாக வேண்டும். வெள்ளையரான பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் 1935-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கு 714. அதை யாரும் தொடமாட்டார்கள் என்றே நினைத்தார்கள். 1973 சீசன் முடிந்தபோது ஆரோன் 713-இல் நின்றார். இன்னும் இரண்டே இரண்டு! அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு வந்த கடிதங்களில் கொலை மிரட்டல்களும் இருந்தன. ஒரு கறுப்பினத்தவர் ரூத்தை முந்துவதா என்ற ஆத்திரம்தான், வேறென்ன.

அன்று நான்காவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் அணியின் அல் டவுனிங் வீசிய பந்து இடப்பக்க வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஆரோன் அலட்டிக்கொள்ளாமல் ஓட, இரண்டாவது பேஸ் பக்கம் இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் புகுந்து அவர் முதுகில் தட்டினார்கள். அத்தனை மிரட்டலுக்கு நடுவே முன்பின் தெரியாத இருவர் பாய்ந்து வந்தால் எப்படி இருக்கும்? நல்லவேளை, வெறும் ரசிகர்கள். ஓட்டம் முடியும் ஹோம் பிளேட்டில் அவர் அம்மா வந்து மகனை இறுகக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் ஆரோன் 755 வரை போனார். 2007-இல் பாரி பாண்ட்ஸ் அதைத் தாண்டினார். பாண்ட்ஸைச் சுற்றிய ஊக்கமருந்துச் சர்ச்சையால் இன்றும் சிலர் 755-ஐத்தான் சாதனையாகச் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.