ஊசி நூல் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகளின் திருமணத்துக்கென வெள்ளைக் கேஸ்மென்ட் துணியில் இரண்டு தலையணை உறைகள் தைத்து, சிவப்புச் செம்பருத்திப் பூக்களைக் கையால் எம்பிராய்டரி செய்தேன். நீலப் பேனாவால் வரைந்த கோடு தண்ணீரில் போய்விடும் என்று கடையில் சொன்னதால், முதல் உறையைச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தேன். பூக்களைச் சுற்றி இளஞ்சிவப்புக் கறை படர்ந்துவிட்டது. இஸ்திரி போட்டபின் சில இடங்களில் பழுப்புக் கோடுகளும் தெரிகின்றன. இதைச் சரிசெய்ய முடியுமா? துவைக்காத இரண்டாவது உறையை என்ன செய்வது?
வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் உறையில் நேர்ந்திருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். நீரில் அழியும் நீலப் பேனாவின் கோடு பச்சைத் தண்ணீரில்தான் முழுதாகக் கரையும். அது கரைந்து போகுமுன் சோப்புத்தூளின் காரமோ சூடோ பட்டால், மை பழுப்பாக மாறித் துணியிலேயே நின்றுவிடும். அவ்வாறு நின்ற கோட்டைத் தேய்த்துத் துணியை நைந்துபோகச் செய்வதைவிட, அதன் மேலேயே காம்புத் தையலில் (சாய்ந்த தையல்கள் கயிறுபோலத் தொடர்வது) ஒரு கொடியோ இலையோ ஓடவிட்டு மறைத்துவிடுவது மேல்.

இளஞ்சிவப்புக் கறைக்கு இன்னும் வழி இருக்கிறது. அகலமான தொட்டி நிறையக் குளிர்ந்த நீர் எடுத்து, பட்டுத்துணிக்கென விற்கும் மென்மையான திரவச் சோப்பைச் சில துளிகள் கலந்து, உறையை மடிப்பில்லாமல் விரித்து மூழ்க வையுங்கள். நீர் நிறம் மாறும்போதெல்லாம் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள். சில மணி நேரம் பிடித்தாலும் பொறுமையாகச் செய்யுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால், நூலிலிருந்து விடுபட்ட சாயம் போக இடமில்லாமல் திரும்பவும் வெள்ளைத் துணியிலேயே ஏறிக்கொள்ளும். இஸ்திரியின் சூடு பட்டுவிட்டதால் கறை முற்றிலும் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், கணிசமாக மங்கும். வெளுப்பான் திரவத்தை மட்டும் தொடாதீர்கள், அது கறையோடு பூவின் நிறத்தையும் எடுத்துக்கொண்டு இழைகளையும் வலுவிழக்கச் செய்யும். உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்று என் அத்தை உட்படப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடையில் சாயமேற்றி விற்கும் பருத்தி நூலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது உறையில், முதலில் ஈரமான வெள்ளைப் பஞ்சைப் பூவின் பின்புறத்தில் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் சிவப்பு ஏறாவிட்டால், குழாயடியில் பிடித்து நீலக் கோடு போகும்வரை அலசியபின், மென்சோப்பு நீரில் ஐந்து நிமிடம் மெதுவாக அமுக்கி எடுத்து, மீண்டும் அலசுங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் சோப்பே வேண்டாம். நீலம் போகும்வரை ஓடும் நீரில் அலசினால் போதும். இரண்டிலும் முறுக்கிப் பிழியாமல், துண்டில் வைத்துப் பாய்போலச் சுருட்டி அழுத்தி, உடனே பிரித்து நிழலில் விரித்துப் போடுங்கள். ஈரம் முற்றும் போகுமுன், தடித்த துண்டின் மேல் பூவேலை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, பின்புறத்திலிருந்து இஸ்திரி போட்டால், தையல் நசுங்காமல் புடைத்து நிற்கும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் வருகிறது. நான் தைத்த மேசை விரிப்புகள் இரண்டு மூன்று துவையலிலேயே விறைத்து மங்கிவிடுகின்றன. முன்பு காவிரி நீர் வந்த வீட்டில் இப்படி ஆனதில்லை.
வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: குற்றம் உங்கள் கையில் இல்லை. உப்புநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து திரிந்து, சாம்பல் நிறப் படிவமாக இழைகளுக்குள் தங்கிவிடுகின்றன. திரவச் சலவைப் பொருளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு என்பதால் கட்டிச் சோப்பை நிறுத்திவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்ச் சுத்திகரிப்பானின் நீரைப் பயன்படுத்துங்கள். சிறிய விரிப்புக்கு ஒரு வாளி போதும். கஞ்சி போட்ட விரிப்பை மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பதாக இருந்தால், கஞ்சியை நீக்கிவிட்டு வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து.

கேள்வி: ஆரி வேலை செய்த பட்டு ரவிக்கையை ஒருமுறை உடுத்தியபின் துவைக்கலாமா?
வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: கூடாது. ஆரி வேலை சங்கிலித் தையல். ஒரு முனை அறுந்து கையில் அகப்பட்டால் வரிசை முழுவதும் கண்ணி கண்ணியாக உருவிக்கொண்டு வந்துவிடும், அதில் கோத்த மணிகளும் சிதறும். எனவே உடுத்திக் கழற்றியதும் உள்புறத்தை வெளியே திருப்பி, மின்விசிறிக் காற்றில் ஓரிரவு ஆறவிட்டு, அக்குள் பகுதியின் உள்துணியை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். உலர்சலவைக்குக் கொடுப்பதானால், கற்கள் தைக்கப்பட்டவையா, பசையால் ஒட்டப்பட்டவையா என்பதை முதலில் பார்த்துச் சலவைக் கடையில் சொல்லுங்கள். சலவைக் கரைப்பானில் பசை இளகிவிடக்கூடும். ஜரிகை கறுத்துவிட்டால், பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலப் புளியையோ எலுமிச்சையையோ தேய்க்காதீர்கள். நறுமணத் திரவியத்தை ரவிக்கை அணியுமுன்பே பூசிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையில் மூடாமல், பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: மாமியார் கொடுத்த கசூதி (கர்நாடகப் பாரம்பரிய எம்பிராய்டரி) வேலைப் புடவைக்கு எந்தப் பக்கம் இஸ்திரி போடுவது? இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதே!
வாசகி, ஜெயநகர்

பதில்: கவந்தி, முர்கி ஆகிய கசூதித் தையல்கள் இரு பக்கமும் ஒரே உருவம் தருபவை, முடிச்சுப் போடாமல் நூல் முனையைத் தையலுக்குள்ளேயே செருகிவிடுவார்கள். ஆகவே பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல், மேலே மெல்லிய பருத்தித் துணி போர்த்தி, இளஞ்சூட்டில் ஒத்தி எடுங்கள். இழுத்துத் தேய்த்தால் செருகிய முனைகள் நழுவி வெளியே வந்துவிடும்.