நிலநடுக்கத்தில் எஃகுச் சட்டகக் கட்டடம் கான்கிரீட் கட்டடத்தைவிடப் பாதுகாப்பானதா?

எஃகு வளையுமே தவிர சட்டென்று உடையாது என்பதால், நிலநடுக்கப் பகுதியில் எஃகுச் சட்டகத்தையே நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஃகுக் கட்டமைப்பு வடிவமைப்பே என் தொழில். என் பதில்: நம்பலாம், ஆனால் பீமும் தூணும் சேரும் இடத்தைப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

எஃகின் நீளும் தன்மை உண்மையிலேயே பெரிது. நம் ஊரில் பரவலாகப் பயன்படும், ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரநெறியின் இ250 ரக எஃகு, சோதனைக்கூடத்தில் இழுக்கும்போது, அறுபடுமுன் குறைந்தது 23 சதவீதமாவது நீள வேண்டும். இந்தத் தன்மையை நம்பித்தான் அமெரிக்கப் பொறியாளர்கள் பல்லாண்டுகள் கலிஃபோர்னியாவில் எஃகுச் சட்டகக் கட்டடங்களை எழுப்பினார்கள். 1994 ஜனவரி 17 அதிகாலை 4.31 மணிக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தை 6.7 அளவுள்ள நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் உலுக்கியபோது, பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் கான்கிரீட் வாகன நிறுத்தகமே சரிந்துவிழுந்தது. எஃகுச் சட்டகக் கட்டடங்களோ நிமிர்ந்து நின்றன. பிறகு சுவர்ப் பூச்சையும் எஃகின் மேலிருந்த தீத்தடுப்புப் பூச்சையும் உரித்துப் பார்த்தபோதுதான், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் பீமும் தூணும் சேரும் இடங்கள் விரிசல் விட்டிருந்தது தெரியவந்தது. சில இடங்களில் விரிசல் பற்றவைப்போடு நிற்காமல் தூணுக்குள்ளேயே ஓடியிருந்தது.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்கால வழக்கப்படி, ஐ வடிவ பீமின் மேல், கீழ்த் தகடுகளைத் தூணோடு கட்டுமான இடத்திலேயே பற்றவைத்து, நடுத்தகட்டை மட்டும் போல்ட்டால் பிணைத்தார்கள். மேல்தகட்டை வெல்டர் தடையின்றிப் பற்றவைக்கலாம். கீழ்த்தகட்டிலோ நடுத்தகடு குறுக்கே நிற்பதால், அதில் வெட்டிய சிறு துளைக்கு இருபுறமும் நின்று, ஒவ்வொரு பற்றவைப்பு ஓட்டத்தையும் சரியாக நடுவில் நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்தது. குறை தங்குவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. உருகிய உலோகம் ஒழுகாமலிருக்க அடியில் வைத்த தாங்கு பட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்கும் தூணுக்கும் இடையிலிருந்த மெல்லிய இடைவெளியே விரிசலுக்குத் தொடக்கமாக அமைந்தது. அன்று பயன்படுத்திய பற்றவைப்புக் கம்பிகள் பலவற்றின் உலோகம் அதிர்வைத் தாங்கும் உறுதி குறைந்ததாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தடித்த தகடுகள் பல திசைகளிலும் இறுக்கிப் பிடிக்கும் அந்த மூலையில் எஃகு நீளவே வழியில்லை. நீள முடியாத எஃகு கண்ணாடியைப்போல உடைகிறது.

இதற்குப் பின் நடந்த ஆய்வுகளின் பலனாக, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமையான ஃபீமா புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, தூணிலிருந்து சற்றுத் தள்ளி பீமின் மேல், கீழ்த் தகடுகளின் ஓரங்களை வில்போல வெட்டி அகலத்தைக் குறைப்பது. பீமை வேண்டுமென்றே ஓரிடத்தில் பலவீனமாக்குவது முதலில் கேட்பவருக்கு விபரீதமாகத் தோன்றும். ஆனால் அதிர்வின்போது எஃகு அந்த வெட்டிய இடத்தில் வளைந்து ஆற்றலை உள்வாங்கிக்கொள்ள, பற்றவைப்பின் மீது வரும் விசை ஒரு வரம்புக்குள் நிற்கிறது. தாங்கு பட்டையை அகற்றி, பற்றவைப்பின் அடிப்பகுதியான வேரைச் சுரண்டி, மறுபடி பற்றவைப்பதும் இதே ஆய்வுகளின் வழியாகப் பரவிய நடைமுறைதான்.

இந்தியாவின் ஐ.எஸ். 800:2007 தரநெறியும், நிலநடுக்கத்துக்கென்று சிறப்பாக வடிவமைக்கும் எஃகுச் சட்டகங்களில் பீமின் முழு வளைதிறனைப்போல் 1.2 மடங்கையாவது இணைப்பு தாங்க வேண்டும் என்கிறது; பீம் அதைவிடக் குறைந்த விசையைத்தான் கடத்தும் என்று காட்ட முடிந்தால் அந்த அளவுக்கு வடிவமைக்கலாம்.

நீங்கள் கட்டப்போகும் கட்டடத்துக்கு எஃகா, கான்கிரீட்டா என்று முடிவெடுக்குமுன், வடிவமைப்பாளரிடம் இணைப்பின் வரைபடத்தைத் தனியாகக் கேளுங்கள். எந்தப் பற்றவைப்பு தொழிற்கூடத்தில் நடக்கும், எது கட்டுமான இடத்தில் நடக்கும், முழு ஆழப் பற்றவைப்புகளை மீயொலியால் சோதிப்பவர் யார் என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். தெளிவான பதில் வராவிட்டால், கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிகளின் விவரங்களை ஒழுங்காகப் பின்பற்றிக் கட்டிய கான்கிரீட் சட்டகத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். எஃகுதான் என்று முடிவானால், சோதனை அறிக்கை உங்கள் கைக்கு வரும்வரை இணைப்புகளின்மேல் தீத்தடுப்புப் பூச்சு பூச விடாதீர்கள்.