பாப்ஓவர் உப்பி வந்த பிறகு ஏன் அமுங்கிவிடுகிறது? மொறுமொறுப்பாக வர என்ன செய்யலாம்?

பாப்ஓவர் (முட்டை, பால், மைதாக் கரைசலை ஓவனில் வேகவைத்துச் செய்யும், உள்ளே வெற்றிடமாக உப்பும் சிறு ரொட்டி) ஓவனுக்குள் நன்றாக எழும்பி நிற்கிறது, வெளியே எடுத்த சில நிமிடங்களில் துவண்டுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் கரைசலில் பெரிய குறை இல்லை. பின்பாதி வேக்காடுதான் போதவில்லை. பாப்ஓவரை எப்படி உப்ப வைப்பது என்றே எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அது மொறுமொறுப்பாவது உப்பி முடிந்த பிறகுதான்.

இதில் ஈஸ்ட்டும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. மாவைத் தூக்குவது நீராவிதான். பாலிலும் முட்டையிலும் உள்ள நீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது. அது தப்பிப் போகாமல் மேல்தோல் தடுப்பதால் உள்ளே பெரிய வெற்றிடம் உண்டாகிறது. முட்டையின் புரதமும் மைதாவின் மாவுச்சத்தும் வெந்து இறுகி அந்த வெற்றிடத்துக்குச் சுவராகின்றன. சுவர் காய்வதற்கு முன் வெளியே எடுத்தால் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும், ஈரச் சுவரும் அதோடு சரியும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் 6 பாப்ஓவருக்கு எடுக்கும் அளவு: பெரிய முட்டை 3, பால் 240 மி.லி., மைதா 125 கிராம், உப்பு அரை தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 1 மேசைக்கரண்டி. பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், முட்டையில் குளிர்ச்சி இருக்கக் கூடாது. கரைசல் சில்லென்று இருந்தால் ஆவி கிளம்புவதற்குள் மேல்புறம் இறுகிவிடும். அடித்துக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. சீஸ், சர்க்கரை போன்றவற்றை முதலில் சேர்க்காதீர்கள். சீஸ் கரைசலைக் கனமாக்கும். சர்க்கரை சேர்த்தால் வேகும் முன்பே நிறம் ஏறி உங்களை ஏமாற்றும்.

பாப்ஓவருக்கென்றே உள்ள ஆழமான குழித் தட்டு இல்லையென்றால் மஃபின் தட்டே போதும். ஒரு குழி விட்டு ஒரு குழியில் ஊற்றினால் எல்லாப் பக்கமும் சூடு படும். ஓவனை 230 டிகிரி செல்சியஸில் வைத்து, காலித் தட்டையும் உள்ளேயே சூடாக்குங்கள். குழிகளில் தடவ எண்ணெயே நல்லது, இந்தச் சூட்டில் வெண்ணெய் கருகும். மூன்றில் இரண்டு பங்கு வரை ஊற்றி, தாமதிக்காமல் உள்ளே வைத்துவிடுங்கள்.

முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. திறந்தால் சூடு இறங்கி, இன்னும் இறுகாத சுவர் அமுங்கிவிடும். ஆவல் தாங்கவில்லையென்றால் கண்ணாடி வழியாகப் பாருங்கள், அது எழும்புவதைப் பார்ப்பதே ஒரு சுகம்! அதன்பின் வெப்பத்தை 175 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் இரண்டு அளவிலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

பலரும் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். உச்சி பொன்னிறமானதும் வெந்துவிட்டதாக நினைத்து எடுத்துவிடுகிறார்கள். உச்சியைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டைப் பாருங்கள். அது வெளிறியிருந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. நன்றாகப் பழுப்பேற வேண்டும், தட்டினால் கெட்டியான ஓடாக ஒலிக்க வேண்டும். முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஒவ்வொன்றிலும் கத்தி முனையால் குத்தி, மீண்டும் ஓவனிலேயே விடுங்கள். உள்ளே அடைபட்ட ஆவி அந்த வழியாக வெளியேறும். ஒரு வேலையை மட்டும் மாற்ற மனம் வந்தால் இந்தக் கடைசிக் கட்டத்தை மாற்றுங்கள் என்பேன்.

எடுத்ததும் தட்டிலிருந்து கழற்றிக் கம்பி வலை மேல் வையுங்கள். தட்டிலேயே கிடந்தால் அடிப்பகுதி வியர்த்து நமத்துவிடும். உட்புறத்தில் மெல்லிய ஈரப் படலம் இருப்பது இயல்பு, அதை வேகாத மாவு என்று எண்ண வேண்டாம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் புட்டிங்கும் ஏறக்குறைய இதே கரைசல்தான், வழக்கமாக மாட்டிறைச்சிக் கொழுப்பில் வேகும். அதைச் செய்பவர்கள் தரும் யோசனைகளும் உங்களுக்கு உதவும்.

சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள். மிஞ்சினால் 175 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் ஓடு மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்தான்.