புத்தகக் கடையில் கடைசிச் சனிக்கிழமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடியில் ஒரு சிறு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறேன். சுமார் 2,500 புத்தகங்கள் இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்டாக் நோட்டு, பில் புக், பற்று நோட்டு, அவ்வளவுதான். கோவையில் வங்கி வேலை கிடைத்துவிட்டதால் வரும் சனிக்கிழமை எனக்குக் கடையில் கடைசி நாள். என் இடத்துக்கு ஒரு தம்பி வந்திருக்கிறான். கடை ஆச்சியுடையது, மாலையில் மட்டும் வருவார்கள். “கடைசி நாள்ல வேலை ஒண்ணும் பாக்க வேணாம் ஆத்தா, சும்மா வந்து இருந்துட்டுப் போ” என்கிறார்கள். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. மொத்த ஸ்டாக்கையும் எண்ணிக் கொடுத்துவிடலாமா? அந்த ஒரு நாள் எனக்கும் நன்றாக இருக்க வேண்டும், கடைக்கும் பயன்பட வேண்டும். என்ன செய்யலாம்?

ம.,
காரைக்குடி

அன்புள்ள ம.,

எண்ண வேண்டாம். ஒருவர் தலைப்பைப் படிக்க, ஒருவர் நோட்டில் குறிக்க, மணிக்கு 150 புத்தகம் என்று வைத்தாலும் 2,500க்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதியில் நிற்கும் கணக்கெடுப்பு, எடுக்காததைவிட மோசம். எண்ணிய அலமாரி எது, எண்ணாதது எது என்று திங்கட்கிழமை அந்தத் தம்பிக்குத் தெரியாது. முழு எண்ணிக்கையை மார்ச் கணக்கோடு வைத்துக்கொள்ளட்டும்.

ஆச்சி சொல்வதுபோல் சும்மா இருப்பதும் சரிவராது. நோட்டில் இருப்பதை யாரும் படித்துக்கொள்ளலாம். நோட்டில் ஏறாமல் உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பதுதான் கோவைக்கு பஸ் ஏறிவிடும். உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. நகரத்தார் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில் பர்மா, மலேயாக் கடைகளில் கடையை நடத்திய மேலாளுக்குத் தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். அடுத்து வந்தவரிடம் கணக்கை ஒப்புவித்த பிறகுதான் ஊருக்குத் திரும்ப முடியும். பேரேடு அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் கட்டாயம் முடித்துக் கொடுங்கள். அதையும் வெள்ளிக்கிழமை மதியமே முடித்துவிடுங்கள், சனிக்கிழமைக்கு இழுக்க வேண்டாம். ‘விற்ற பிறகு பணம்’ என்று பதிப்பாளர்கள் வைத்துவிட்டுப் போன புத்தகங்களின் கணக்கைச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிய சரக்கில் பிசகு வந்தால் அது கடையோடு போகும். இதில் வந்தால் வெளியாரிடம் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு தனித்தாள் எடுத்து, சலான்படி வந்தது, பில்படி விற்றது, திருப்பி அனுப்பியது, அலமாரியில் கண்ணால் பார்த்தது என்று நான்கு எண்களை மட்டும் எழுதுங்கள். 20 வந்து 13 விற்றிருந்தால் 7 இருக்க வேண்டும். 5 தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே திருட்டு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கூட்டமான ஒரு மாலையில் தலைப்பை எழுதாமல் ‘புத்தகம் – 2’ என்று யாரோ பில் போட்டிருப்பார்கள். அல்லது பள்ளிக்கூட நூலகத்துக்கு மாதிரிப் பிரதியாகப் போனது திரும்பியிருக்காது. ஷோகேஸிலும் மேசை இழுப்பறையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் மறைக்காமல் ‘குறைவு 2’ என்று எழுதி ஆச்சியிடம் காட்டிவிடுங்கள். 400 ரூபாய்ப் புத்தகத்துக்குக் கடைக்கு 35 சதவீதக் கழிவு என்றால் பதிப்பாளருக்குச் சேர வேண்டியது பிரதிக்கு 260, இரண்டுக்கு 520. வாடிக்கையாளருக்கு 10 சதவீதம் தள்ளிக் கொடுக்கும் கடையில் அதே புத்தகத்துக்குக் கிடைப்பது பிரதிக்கு 100 ரூபாய்தான். ஆகவே காணாமல்போன இரண்டை ஈடுகட்ட இன்னும் ஆறு பிரதி விற்றாக வேண்டும். தம்பிக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பில்லில் தலைப்பை எழுது என்று பத்து முறை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

இனி சனிக்கிழமை. காலையில் தூசி தட்டுவதிலிருந்தே தொடங்கலாம். அதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலைதான். உலர்ந்த பருத்தித் துணி போதும், ஈரம் ஆகாது. புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பை முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகத் துடைத்தால் தூசி முதுகுக்குள் இறங்கிவிடும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் தலையில் விரலைக் கொக்கிபோல் மாட்டி இழுக்கிறார்களே, முதலில் கிழிவது அந்த இடம்தான். இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுமுதுகைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். வெயில் விழும் வரிசையை இடம் மாற்றிவிடுங்கள். அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து நீலம் மட்டும் தங்கும். அந்தப் பிரதியைப் பிறகு யாரும் முழு விலைக்குக் கேட்க மாட்டார்கள். அடித்தட்டும் சுவரும் சேரும் மூலையைக் கையால் தடவிப் பாருங்கள். மண் கோடு தெரிந்தால் கரையான். தட்டைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்தாலே கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் இதைச் செய்தாக வேண்டும்.

பத்து மணிக்கு மேல் தம்பியைக் கல்லாவில் உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் ஸ்டூலில் இருங்கள். அன்று முழுக்க ஒரு பில்கூட நீங்கள் எழுதக் கூடாது. வேடிக்கை பார்ப்பதுபோல இருக்கும். ஆனால் அவன் தடுமாறும் இடங்களே நீங்கள் எழுதிவைக்க வேண்டியவை.

அவன் எங்கே தடுமாறுவான் என்று இப்போதே சொல்லலாம்: ஆர்டர் எடுக்கும்போது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை என்பதால் பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் பல பதிப்பகங்கள் போடுகின்றன. அளவு, எழுத்து, விலை எதுவும் ஒன்றுபோல் இருக்காது. “மூணாம் பாகம் மட்டும் வேணும்” என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டில் இருப்பது எந்தப் பதிப்பகத்துச் செட் என்று கேட்காமல் ஆர்டர் எழுதினால், வருகிற புத்தகம் கடையிலேயே தங்கும். அதே பிழை தவறுதலாக அலமாரியிலும் நடக்கும்: ஒரு செட்டின் நான்காம் பாகத்தை உதிரியாக விற்றுவிட்டால் மிச்ச நான்கும் முடங்கின. ஆர்டர் நோட்டில் தலைப்பு, பதிப்பகம், கட்டு (பைண்டிங்), விலை, முன்பணம், போன் எண் ஆறும் இருக்க வேண்டும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண்ணே இராது என்பதால் அதை நம்பி உட்கார முடியாது. முன்பணம் வாங்கி இன்னும் கொடுக்காதவை எத்தனை இருந்தாலும், அன்றே ஒவ்வொருவரையும் தம்பியின் வாயாலேயே போனில் கூப்பிடச் சொல்லுங்கள். அவன் குரல் அவர்களுக்குப் பழகட்டும்.

பற்று நோட்டுக்காரர்கள் விஷயம் வேறு. அவர்களில் யார் மாதக் கடைசியில் தானே வந்து தருவார், யாரிடம் கேட்க வேண்டும், யாரிடம் கேட்டால் கோபம் வரும் என்பதை நோட்டில் எழுத முடியாது. அதை ஆச்சியிடம் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அந்த ஊரில் யார் கடைக்கு வரப்போகிறார்கள்? சாப்பிட்டுவிட்டு, ஒரே தாளில் கடையின் ஆண்டை எழுதுங்கள். உங்கள் கடைசி நாளில் மிகப் பிடித்த வேலையாக இதுதான் இருக்கும் என்று தோன்றுகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் கேட்கும் முருகன் பாட்டுப் புத்தகங்கள் மார்கழிப் பிறப்பிலேயே கடையில் இருக்க வேண்டும். பாதயாத்திரை புறப்பட்ட பிறகு வந்தால் அடுத்த வருஷத்துக்குத்தான். பங்குனியில் கம்பன் விழா. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் நடத்துவது; மகம், பூரம், உத்திரம் நாள்களில் காரைக்குடியில், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கம்பராமாயண முழு செட்டைத் தூக்கிப்போக யோசிப்பார்கள். தனிக் காண்டங்களும் கட்டுரை நூல்களும்தான் கை மாறும். ஜூனில் பாடப் புத்தகம், தேர்வு வழிகாட்டிகள். வழிகாட்டிகளில் பழைய பாடத்திட்டப் பதிப்பு தங்கிவிட்டால் எடைக்குத்தான் போகும், ஆகவே திருப்பி அனுப்பக் கெடு தேதியை அட்டையிலேயே பென்சிலில் எழுதும் பழக்கம் நல்லது. பிறகு மணிவிழாவுக்கும் சாந்திக் கல்யாணத்துக்கும் 200 பிரதி என்று வரும் மொத்த ஆர்டர்கள்: பாதித் தொகை முன்பணம், பெயர் அச்சடித்த பிறகு திரும்ப எடுப்பதில்லை. இந்த இரண்டையும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

திருப்பி அனுப்பும் பார்சல் இருந்தால் அதையும் அப்போதே கட்டலாம். பெட்டி 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். புத்தகங்களைப் படுக்கவையுங்கள், நிறுத்தினால் முதுகு கீழே இருக்கட்டும். விரியும் பக்கம் கீழே இருந்தால் தாள்களின் பாரம் முழுக்க பைண்டிங்கை இழுத்து, போய்ச் சேரும்போது அட்டை கழன்றிருக்கும். கயிறு அழுந்தும் விளிம்பில் அட்டைத் துண்டு வையுங்கள்.

மாலையில் ஆச்சி வந்ததும் போன் வேலை. பணம் வந்தது என்ற குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கடை எண்ணுக்கு மாற்றி, ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். வாடிக்கையாளர் வாட்ஸப் குழுவில் தம்பியை நிர்வாகியாக்கிவிட்டு நீங்கள் விலகுங்கள். இல்லாவிட்டால் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு ‘புதுசு என்னம்மா வந்திருக்கு’ என்பதற்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். சாவியை ஆச்சியின் கையில்தான் கொடுக்க வேண்டும், தம்பியிடம் அல்ல. அவனுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்.

உங்களுக்கென்று ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், காசு தருகிறேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். ஆனால் ஸ்டாக் நோட்டில் ‘அன்பளிப்பு – 1’ என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். அது ‘விற்ற பிறகு பணம்’ அலமாரியில் இருந்து வந்ததென்றால், அந்தப் பதிப்பகத்தின் தாளில் விற்றதோடு ஒன்றைக் கூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.