யாருமே விடாத பள்ளத்தில் மீன் எப்படி வந்தது?

நாங்குநேரிப் பக்கம் கைவிட்ட கல்குவாரிப் பள்ளம், சில வருஷமாக மழைத்தண்ணீர் நிற்கிறது, ஆறும் குளமும் பக்கத்தில் இல்லை, யாரும் மீன் விடவும் இல்லை, ஆனால் இப்போது மீன் துள்ளுகிறது, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். துள்ளுவது என்ன மீன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு மீனும் வருகிற வழி வேறு.

ஜிலேபி என்றால் யோசிக்கவே வேண்டாம், மனிதக் கைதான். ஆப்பிரிக்க மீனான அதை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரித்துக் குஞ்சுகளையும் காப்பாற்றுவதால், நாலைந்து மீன் விழுந்தாலே போதும், பள்ளம் நிறைந்துவிடும். "யாரும் விடவில்லை" என்று ஊரில் சொன்னால், விட்ட பையன் வீட்டில் சொல்லவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கட்லா, ரோகு என்றால் சந்தேகமே இல்லை. அவை ஆற்றில் வெள்ளம் ஓடும்போதுதான் முட்டையிடும், தேங்கின தண்ணீரில் தானாகப் பெருகாது. மீன்பாசி, அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவர்கள் பண்ணையில் குஞ்சு வாங்கிக் குளத்தில் விடுகிற மீன்கள் அவை. கிணற்றுத் தண்ணீரில் விரல்கடை அளவுக்கு மினுங்கும் கம்பூசியா, கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று விடப்பட்டது. அது முட்டையிடாமல் குட்டி போடும் இனம், சினையான ஒரே ஒரு பெண் மீன் போதும்.

விரால், குரவை, பனையேறி, தேளி என்றால் கதை மாறுகிறது. இவற்றுக்குச் செவுள் போக, காற்றை நேராக எடுத்துச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். கோடையில் குளம் வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பில் காலம் தள்ளும். சேற்றில் ஈரம் இருந்தால் போதும். குளத்தில் கரம்பை மண் அள்ளும்போது அடி ஈரத்தில் உயிருள்ள விரால் கிடைப்பது இதனால்தான். நல்ல மழை பெய்து தரை நனைந்த இரவில் ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குத் தரையிலேயே நெளிந்து போகவும் அதனால் முடியும்.

பனையேறிக்கு இதில் இன்னும் சாமர்த்தியம், செவுள்மூடியில் உள்ள முட்களைத் தரையில் ஊன்றி ஊன்றி நகரும். டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், 1791-இல் தரங்கம்பாடியில் ஒரு பனையில் அது ஏறியதைப் பார்த்ததாகவே எழுதியிருக்கிறார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது வந்தது. பனையில் ஏறியதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஈரத்தரையில் அது நடப்பதில் சந்தேகம் இல்லை.

விலாங்கு இன்னொரு விசித்திரம். அது முட்டையிடுவது கடலில். ஏதோ ஒரு குளத்தில் விலாங்கு அகப்பட்டால், அது குஞ்சாகக் கடலிலிருந்து ஆற்று முகத்துவாரம் வழியாக ஏறி, அணைக்கட்டு, கால்வாய், மடை எல்லாம் தாண்டி வந்தது என்று அர்த்தம்.

இங்கேதான் "தனிக் குளம்" என்ற நினைப்பையே நான் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். நம் சீமையில் சித்திரை, வைகாசியில் பார்த்தால் எல்லாக் குளமும் தனிக்குளம்தான். கார்த்திகையில் போய்ப் பாருங்கள். சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாயும் பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாயும் தாமிரபரணியோடு குளங்களைக் கோத்துவிடும். மானாவாரிக் குளங்கள்கூட மேல்குளம் மறுகால் பாய்ந்தால் கீழ்க்குளம் நிறைகிற மாதிரிதான் வெட்டப்பட்டிருக்கின்றன. புதுத் தண்ணீர் வாடை பட்டால் அயிரையும் கெண்டையும் அதை எதிர்த்து ஏறும், வயலில் முழங்காலளவு ஓடினாலே அவற்றுக்கு அது ஆறு. 2023 டிசம்பர் மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, எது குளம், எது வயல், எது ரோடு என்றே தெரியவில்லை. அப்படி ஒரு ராத்திரியில் மீன் எங்கே போகாது? கன்னடியன் கால்வாயிலிருந்து திசையன்விளைச் செம்மணல் தேரி வரைக்கும் வெட்டியிருக்கும் வெள்ளநீர்க் கால்வாயில் இனி ஆற்று மீனும் தேரிக்காட்டுப் பக்கம் போய்ச் சேரும் என்பது என் கணக்கு.

மீன் முட்டை காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து மழைக்குப் பொரிக்கும் என்று பலர் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் அப்படிப்பட்ட சின்ன மீன்கள் உண்டு. கட்லா, ரோகு முட்டைகள் அந்த ரகம் இல்லை, ஒரு நாளுக்குள் பொரித்துவிடும், காய்ந்தால் செத்துப்போகும்.

அப்புறம் பறவைகள். கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகளின் காலில் முட்டை ஒட்டி வருகிறது என்பது கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அதற்கு உருப்படியான ஆதாரம் இதுவரை இல்லை. வயிற்று வழியாக வருவதற்குத்தான் ஆதாரம் கிடைத்திருக்கிறது. 2020-இல் வெளியான ஹங்கேரி ஆய்வு ஒன்றில், எட்டு வாத்துகளுக்கு இரண்டு வகைக் கெண்டை மீன்களின் முட்டைகளை மொத்தம் சுமார் 8,000 ஊட்டினார்கள். எச்சத்தில் முழுசாக வந்தவை 18, அவற்றில் உயிரோடு இருந்தவை 12, பொரித்தவை 3. அற்பமாகத்தான் தெரியும். ஆனால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக, வருஷா வருஷம் முட்டையைத் தின்றுவிட்டுப் பறக்கின்றன. மழையோடு மீன் விழுந்தது என்பதை மட்டும் நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சுழல்காற்று தூக்கிப் போடுவது எங்கேயோ அபூர்வமாக நடப்பது. காலையில் ரோட்டில் துள்ளும் மீன் பெரும்பாலும் ராத்திரி ஓடையில் ஏறி வந்ததுதான்.

உங்கள் குவாரியில் சுற்றிலும் கழிவுக்கல்லைக் குவித்திருந்தால், வெளித்தண்ணீர் உள்ளே வர வழி இருக்காது. அப்போது ஜிலேபி என்றுதான் நான் சொல்வேன். ஒரு பக்கம் தாழ்வாக இருந்து ஓடைத்தண்ணீர் விழுகிறது என்றால் விராலுக்கும் குரவைக்கும் வாய்ப்புண்டு. மைதா உருண்டை கோத்துத் தூண்டில் போடுங்கள், அதை ஜிலேபி கொத்தும். விரால் மைதாவைச் சட்டை பண்ணாது, அதற்குச் சின்னத் தவளை வேண்டும். கரையில் நின்றே போடுங்கள், குவாரிப் பள்ளம் காலை வைத்ததுமே ஆள் ஆழம் போகும்.