புது பின்னும் உடைகிறதே, ஏன்?

கேள்வி: டிராக்டரின் முன்பக்க லோடரில் பக்கெட்டைப் பிடித்திருக்கும் பின் ஒரே வருடத்தில் இரண்டு முறை உடைந்துவிட்டது. கிரீஸ் தவறாமல் அடிக்கிறேன். இன்னும் கெட்டியான பின் போட்டால் நிற்குமா?

பதில்: கெட்டியான பின்னைத் தேடுவதற்கு முன், உடைந்த பின்னைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உரசித் தேய்ந்து, சூட்டில் நீலம் பாரித்திருந்தால் கிரீஸ் அங்கே போய்ச் சேரவே இல்லை. பக்கெட் சுமையோடு தொங்கும்போது பின் ஒரு பக்கமாக அழுந்தியிருக்கும். அப்போது அடிக்கும் கிரீஸ் மறுபக்கம் வழியாக வெளியே வழிந்துவிடும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, நிப்பிளை, அதாவது கிரீஸ் ஏற்றும் வாயை, துடைத்து, ஓரத்தில் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை போதும். சேற்றிலும் எருவிலும் வேலை என்றால் தினமும்.

ஆனால் இரண்டு முறை உடைந்தது என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் துளையின் மேல்தான். பின் புஷ்ஷுக்குள்தான் (துளைக்குள் இருக்கும் உலோக உறை) சுழல வேண்டும், வெளியே இருக்கும் காதில் (பின் நுழையும் துளையுள்ள தகடு) சுழலக் கூடாது. அதைத் தடுப்பது ஒரு சின்னப் பூட்டு போல்ட். அது அறுந்துபோனால் பின் காதையே அரைக்க ஆரம்பிக்கும், துளை முட்டை வடிவமாகும். பிறகு ஒவ்வொரு குலுக்கலிலும் பின் அடி வாங்கும். ஆரம்ப காலத்தில் நானும் இப்படித் தேய்ந்த துளையில் புது பின்னைப் போட்டு அனுப்பினேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. அன்றிலிருந்து துளைக்குள் விரல் நுனியை விட்டுத் தடவிப் பார்க்காமல் எந்தப் பின்னையும் நான் போடுவதில்லை. கழற்றி வைத்த காதில் மட்டும் அப்படிச் செய்யுங்கள். மாட்டும்போது துளைகள் நேராகிவிட்டனவா என்று விரலை விட்டுப் பார்த்தால் விரல் போய்விடும்.

துளை கெட்டிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி, லைன் போரிங் (துளைகளை ஒரே நேர்கோட்டில் கடைந்தெடுப்பது) செய்து, புது புஷ் போட்டுவிடுங்கள். பக்கவாட்டு இடைவெளியை நிரப்ப ஷிம் வாஷர், அதாவது மெல்லிய வளையத் தகடு. பின்னுக்குப் பதிலாகச் சாதாரண இரும்புக் கம்பியையோ நீள போல்ட்டையோ சொருகவே சொருகாதீர்கள்.

கழற்றும்போது பக்கெட்டைத் தரையில் படியவிட்டு, இன்ஜினை அணைத்து, லீவரை முன்னும் பின்னும் ஆட்டி ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுங்கள். கெட்டிப்படுத்திய பின்னைச் சுத்தியலால் நேராக அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். நடுவே பித்தளைக் கம்பி வைத்து அடியுங்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. பக்கெட்டின் ஒரு மூலையை மட்டும் மண்ணில் குத்தித் தள்ளுகிறீர்களா? மொத்தச் சுமையும் அந்தப் பக்கத்துப் பின்னுக்கே போகும். அடுத்த முறை எழுதும்போது, இரண்டு தடவையும் உடைந்தது ஒரே பக்கத்துப் பின்னா என்பதையும் எழுதுங்கள்.