ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே அந்த மாத்திரைய ஆரம்பிச்சிடலாமா?

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 61 வயசு. சிகரெட் வாடையே ஆகாது அவங்களுக்கு. மூணு மாசமா விடாத இருமல், சிடி ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் எடுத்து பாத்துட்டு லங் கேன்சர், அதுல அடினோகார்சினோமாங்கிற வகை, ஸ்டேஜ் 4ன்னு சொல்லிட்டாங்க. ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பிருக்கோம், ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் பொறுங்கன்னு ஆன்காலஜிஸ்ட் சொல்றார். ஆனா சித்தப்பாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர், இப்பல்லாம் கீமோவே தேவையில்ல, டார்கெட்டட் மாத்திரை வந்துருச்சு, உடனே ஆரம்பிங்கங்கிறார். இன்னொருத்தர் இம்யூனோதெரபிதான் லேட்டஸ்ட்ங்கிறார். சும்மா உக்காந்து நாள எண்றது பயமா இருக்கு. மாத்திரைய இப்பவே எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கலாமா? அது முழுசா குணமாக்குமா?

பதில்: வேண்டாம்மா, கேக்காதீங்க. உங்க ஆன்காலஜிஸ்ட் சரியாத்தான் சொல்லிருக்கார். அந்த ரெண்டு மூணு வாரம் உங்களுக்கு எவ்வளவு நீளமா இருக்கும்னு எனக்குப் புரியுது, ராத்திரி அம்மா இருமுற சத்தம் கேக்கும்போதெல்லாம் உள்ள ஏதோ வளர்ந்துட்டே இருக்கே நாம கைய கட்டிட்டு இருக்கோமேன்னு தோணும். ஆனா சித்தப்பாவோட ஃப்ரெண்ட் சொல்றதுல பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து.

டார்கெட்டட் தெரபின்னா என்னன்னு முதல்ல பாத்துடுவோம். கேன்சர் செல் கட்டுப்பாடு இல்லாம பெருகிட்டே போறதுக்கு உள்ள ஏதோ ஒரு சுவிட்ச் ஆன்லயே மாட்டிக்கிட்டிருக்கும், லங் அடினோகார்சினோமால அடிக்கடி பாக்குற சுவிட்ச் இஜிஎஃப்ஆர். அந்த ஜீன்ல சின்னதா ஒரு எழுத்துப்பிழை விழுந்தா போதும், வளரு வளருன்னு செல்லுக்கு உத்தரவு போய்க்கிட்டே இருக்கும். மாத்திரை போய் அந்த சுவிட்ச்ச அடைக்குது, அவ்வளவுதான் அதோட வேலை. சரி, அந்தப் பிழையே இல்லாத ஆளுக்குக் குடுத்தா? அடைக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்லயே.

இது நான் தர்க்கமா யோசிச்சு சொல்றதில்ல, நடந்து முடிஞ்ச கதை. இந்த வகை மாத்திரைல முதல்ல வந்தது ஜெஃபிடினிப், 2003ல அமெரிக்கால அனுமதி கிடைச்சது. அப்ப யாருக்கு வேலை செய்யும்னு யாருக்கும் தெரியாது, சிலருக்கு கட்டி கரைஞ்சு போச்சு, பலருக்கு ஒண்ணுமே நடக்கல, டாக்டருங்களுக்கே தலைய சுத்துச்சு. 2004லதான் காரணம் பிடிபட்டுச்சு, கரைஞ்சவங்களோட கட்டிலதான் அந்த எழுத்துப்பிழை, அதாவது இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்திருக்கு. அப்புறம் ஐபாஸ்னு ஒரு பெரிய ஆய்வு, 2009ல வெளியாச்சு. அதுல சேத்தவங்க யாருன்னு பாருங்க: ஆசியாக்காரங்க, அடினோகார்சினோமா, சிகரெட் பிடிக்காதவங்க இல்ல கொஞ்சமா பிடிச்சு விட்டவங்க. அப்படியே உங்க அம்மா மாதிரி ஆளுங்கதான். அவங்கள்ல 437 பேரோட கட்டிய டெஸ்ட் பண்ண முடிஞ்சது, 261 பேருக்கு மாற்றம் இருந்துச்சு, மீதி 176 பேருக்கு இல்ல. மாற்றம் இருந்தவங்கள்ல மாத்திரை சாப்பிட்ட 100 பேர எடுத்துக்கிட்டா 71 பேருக்கு கட்டி நல்லா சுருங்குச்சு, கீமோ எடுத்தவங்கள்ல அது 47. மாற்றம் இல்லாதவங்கள்ல மாத்திரைக்கு சுருங்கினது 100க்கு 1 பேர், கீமோவுக்கு 23 பேர். அதோட நிக்கல, மாற்றம் இல்லாதவங்க மாத்திரை சாப்பிட்டப்ப சராசரியா ஒன்றரை மாசத்துலயே நோய் முத்திருச்சு, கீமோ எடுத்திருந்தா அஞ்சரை மாசம் கட்டுக்குள்ள இருந்திருக்கு.

அதாவது ஆளப் பாத்து, வயசப் பாத்து, சிகரெட் பிடிக்கலங்கிறதப் பாத்து கண்டிப்பா இருக்கும்னு நினைச்சு மாத்திரைய குடுத்தா பத்துல நாலு பேருக்கு தப்பான மருந்த குடுத்திருப்போம். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறதும் ட்ரீட்மெண்ட்ல சேந்ததுதான்மா, அது வந்தாத்தான் எந்த மருந்துன்னே முடிவாகும்.

இம்யூனோதெரபிய முதல்ல ஏத்திடலாமேன்னு கேப்பீங்க. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல திருப்பி விடுற மருந்து அது. நல்ல மருந்துதான், அதுக்கு அடிப்படை போட்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ல நோபல் பரிசே குடுத்தாங்க. ஆனா இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிற கட்டிக்கு அது தனியா பெருசா வேலை செய்யறதில்ல. அதவிட முக்கியமான விஷயம், அது உடம்ப விட்டு சீக்கிரம் போகாது, மாசக்கணக்குல அதோட பாதிப்பு இருக்கும். இன்னைக்கு இம்யூனோதெரபி ஏத்திட்டு அடுத்த மாசம் ரிப்போர்ட்ல இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்னு வந்து, அந்த சுவிட்ச்ச அடைக்கிற ஓசிமெர்டினிப் மாத்திரைய ஆரம்பிச்சா, நுரையீரல் முழுக்க வீங்கி மூச்சுத்திணறல் வர்ற அபாயம் கூடுது. வரிசை மாறி இதே ரெண்டு மருந்த குடுத்தப்ப அந்தப் பிரச்சனை அவ்வளவா வரல. அதனால ரிப்போர்ட் இல்லாம இம்யூனோதெரபிய அவசரமா ஏத்துனா, பின்னாடி வேணுங்கிற கதவ நாமளே பூட்டிக்கிற மாதிரி ஆகிடும்.

ஆனா எல்லா நேரத்துலயும் காத்திருக்க முடியாதுங்கிறதயும் சொல்லிடறேன். மூச்சு வாங்குறது நாளுக்கு நாள் கூடுது, முகமும் கழுத்தும் வீங்குது, தலைவலியோட வாந்தி, ஒரு பக்கம் கை கால் இழுக்குது, பேச்சு குழறுது, முதுகு வலியோட கால் மரத்துப்போகுது, இருமும்போது ரத்தம் நிறைய வருது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அப்பாயின்ட்மென்ட் தேதிய பாக்காதீங்க. அந்த மாதிரி நிலைமைல ரிப்போர்ட் வர்றதுக்குள்ள இம்யூனோதெரபிய சேக்காம கீமோவ மட்டும் ஒரு சுற்று குடுப்பாங்க, அப்புறம் ரிப்போர்ட் வந்ததும் மாத்திக்குவாங்க. நெஞ்சுல தண்ணி சேந்து மூச்சு வாங்கினா ஊசி போட்டு எடுத்துடலாம், அதோட அந்தத் தண்ணிய கீழ ஊத்திடாம லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க, அதுல மிதக்கிற கேன்சர் செல்ல வெச்சே ஜீன் டெஸ்ட் பண்ணிட முடியும்.

டெஸ்ட்டுக்கு ஏன் இத்தனை நாள்னு எல்லாருமே கேக்கறாங்க. ஊசில எடுத்த சதைத்துண்ட நீங்க பாத்திருந்தா புரியும், தையல் நூல் பருமன்ல, ஒரு சென்டிமீட்டர் நீளத்துல வெள்ளையா ஒரு இழை. அத ஃபார்மலின்ல ஊற வெச்சு, மெழுகுல பதிச்சு கட்டியாக்கி, அதத்தான் ப்ளாக்னு சொல்றோம், முடிய விட மெல்லிசா சீவி சீவி ஸ்லைடுல ஒட்டணும். முதல் சீவல் கேன்சரான்னு பாக்க, அடுத்தது எந்த வகைன்னு சாயம் போட்டுப் பாக்க, அப்புறம் இம்யூனோதெரபி எடுபடுமான்னு பாக்குற பிடி-எல்1 டெஸ்ட், அதுக்கெல்லாம் போக மிச்சம் இருக்கிறதுலதான் ஜீன் டெஸ்ட். பல நேரம் இங்கதான் இடிக்குது, சதை பத்தலன்னு ரிப்போர்ட் வரும். எலும்புலருந்து எடுத்த துண்டா இருந்தா இன்னும் கஷ்டம், எலும்ப இளக வைக்க ஊத்துற ஆசிட் டிஎன்ஏவயும் கெடுத்துடும்.

சதை பத்தலன்னா அடுத்து லிக்விட் பயாப்ஸி இருக்கு. கட்டி சாகும்போது அதோட டிஎன்ஏ துணுக்கு ரத்தத்துல கலக்குது, கைல ரத்தம் எடுத்தே அதக் கண்டுபிடிக்கலாம், 2016லருந்தே இஜிஎஃப்ஆருக்கு இது அனுமதிக்கப்பட்ட டெஸ்ட். நான் கேட்டா ரெண்டையும் சேத்தே அனுப்புங்கம்பேன், எது முன்னாடி வருதோ வரட்டும். ஒண்ண மட்டும் மனசுல வெச்சுக்குங்க, ரத்தத்துல பாசிட்டிவ்னு வந்தா நம்பலாம், நெகட்டிவ்னு வந்தா மாற்றம் இல்லன்னு அர்த்தம் கிடையாது, கட்டி ரத்தத்துல போதுமான அளவு டிஎன்ஏவ விடலன்னும் இருக்கலாம். அப்ப சதையத்தான் பாக்கணும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதல் பக்கத்துல இஜிஎஃப்ஆர்னு பாத்துட்டு குதிச்சிடாதீங்க, பக்கத்துல என்ன எழுதிருக்குன்னு பாருங்க. எக்ஸான் 19 டெலீஷன் இல்லன்னா எல்858ஆர்னு இருந்தா ஓசிமெர்டினிப் மாதிரி மாத்திரை நல்லா வேலை செய்யும். எக்ஸான் 20 இன்சர்ஷன்னு இருந்தா அதே ஜீன்தான், ஆனா இந்த மாத்திரைங்க அதுல சரியா எடுபடாது, அதுக்கு வேற மருந்து. இஜிஎஃப்ஆர் இல்லாம ஏஎல்கேன்னு வேற ஒரு ஜீன்ல மாற்றம்னு வந்தா கவலைப்படாதீங்க, ஒரு விதத்துல அது இன்னும் நல்ல சேதி. லோர்லாடினிப்ங்கிற மாத்திரைய வெச்சு பண்ணின க்ரவுன் ஆய்வோட 5 வருஷக் கணக்கு 2024ல வந்துச்சு, 5 வருஷம் கழிச்சும் 100க்கு 60 பேருக்கு நோய் முத்தாம இருந்துச்சு, பழைய மாத்திரைல அது 8 பேர்தான். ஸ்டேஜ் 4 லங் கேன்சர்ல இப்படி ஒரு நம்பர பாப்பேன்னு நான் படிக்கும்போது நினைச்சுக்கூட பாக்கல. கேராஸ்னு இன்னொரு ஜீன் இருக்கு, அது உண்டாக்குறது மருந்தே பிடிக்க இடமில்லாத வழவழப்பான புரோட்டீன்னு சொல்லி பல வருஷமா கைவிட்டிருந்தாங்க, கெவன் ஷோகாட் குழு 2013ல அதுல ஒரு சின்ன பள்ளத்த கண்டுபிடிச்சாங்க, 2021ல சோடோராசிப் வந்துருச்சு. ஒண்ணுமே இல்லன்னு வந்தா? கீமோவும் இம்யூனோதெரபியும் சேந்த வழி இருக்கு, அதுவும் கைவிட்ட கேஸ் இல்ல.

இப்ப உங்க கடைசி கேள்விக்கு வரேன், முழுசா குணமாகுமா. ஸ்டேஜ் 4ல இல்லம்மா, மறைச்சு சொல்ல எனக்கு இஷ்டமில்ல. ரத்தப் புற்றுல சிஎம்எல்னு ஒண்ணு இருக்கு, 9ம் குரோமோசோமும் 22ம் குரோமோசோமும் துண்டு மாத்திக்கிறதால வர்றது, 2001ல இமாடினிப் மாத்திரை வந்து அத பிரஷர், சுகர் மாதிரி மாத்திரை சாப்பிட்டு வருஷக்கணக்குல ஓட்டுற நோயா ஆக்கிருச்சு. வாட்ஸ்அப்ல சுத்துற அதிசய மாத்திரை கதைங்களுக்கு விதை அதுதான்னு நான் நினைக்கறேன். அங்க ஆரம்பத்துல ஒரே ஒரு கோளாறு. நுரையீரல் கட்டில அந்த ஒண்ணோட கூட ஏகப்பட்ட கோளாறு சேந்திருக்கும், ஒரு வழிய அடைச்சா சில செல்லு வேற வழி தேடிக்கும். ஓசிமெர்டினிப்ப முதல் மருந்தா குடுத்த ஃப்ளாரா ஆய்வுல நோய் கட்டுக்குள்ள இருந்தது சராசரியா 18.9 மாசம், அதுக்கு முந்தின மாத்திரைங்கள்ல 10.2. சராசரின்னா பாதிப் பேர் அதவிட அதிக நாள் ஓட்டிருக்காங்கன்னு அர்த்தம், அத காலண்டர்ல குறிச்சு வைக்காதீங்க. அதோட கீமோவயும் சேத்துக் குடுத்தா இன்னும் நீளுதுன்னு ஃப்ளாரா 2 காட்டிருச்சு, அதனால கீமோவே வேணாங்கிற பேச்சு இந்த மாத்திரைக்குள்ளயே பழசாகிட்டு வருது. யாருக்கு ரெண்டும் சேத்து, யாருக்கு மாத்திரை மட்டும்னு அம்மாவோட தெம்பு, மூளைக்குப் பரவிருக்கா, இதெல்லாம் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க.

மாத்திரை நின்னு போனா, அதாவது வேலை செய்யாம போனா, திரும்ப பயாப்ஸி எடுக்கச் சொல்லுவாங்க, அப்ப ஏன் திரும்பவும் குத்தணும்னு சண்டை போடாதீங்க. கட்டி எந்த வழில தப்பிச்சிருக்குன்னு பாத்தாத்தான் அடுத்த மருந்து, மெட்ங்கிற இன்னொரு ஜீன் பெருகிருக்கலாம், சிலருக்கு கட்டியே ஸ்மால் செல்ங்கிற வேற வகை லங் கேன்சரா மாறிடும், ரெண்டுக்கும் ட்ரீட்மெண்ட் வேற வேற.

மாத்திரைதானேன்னு சைடு எஃபெக்ட்ட சாதாரணமா நினைக்காதீங்க. கீமோ மாதிரி முடி மொத்தமா கொட்டாது, ஆனா முகத்துல பரு மாதிரி கிளம்பும், வயித்துப்போக்கு வரும், நகக்கண்ணு வீங்கி சீழ் வைக்கும். கேக்க சின்ன விஷயமா இருக்கும், என்கிட்ட வந்த ஒரு அம்மா ரெண்டு கட்டவிரலும் வீங்கி ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியாம மருமகள கூப்பிட வேண்டியிருக்கேன்னு கண் கலங்கிட்டாங்க. ஆரம்பத்துலயே சொன்னா க்ரீம், ஆன்டிபயாடிக்னு சமாளிக்கலாம், டோஸ் குறைக்கலாம். புதுசா இருமலோ மூச்சுத்திணறலோ வந்தா மட்டும் மாத்திரைய நிறுத்திட்டு உடனே டாக்டருக்கு போன் பண்ணிடணும். அம்மா ஃபிட்ஸுக்கு ஃபெனிடாய்ன், கார்பமசெபைன் மாதிரி ஏதாவது சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடுங்க, அதுங்க ஓசிமெர்டினிப்ப உடம்பு சீக்கிரமா சிதைக்க வெச்சு மருந்த வீணாக்கிடும். யாராவது குடுக்கிற மூலிகைப் பொடியும் அப்படிப் பண்ணலாம், சொல்லாம குடுக்காதீங்க.

கைய கட்டிட்டு இருக்கிறது பயமா இருக்குன்னீங்க இல்ல, ஒரு வேலை சொல்றேன். பயாப்ஸி எடுத்த லேபுக்கு நாளைக்குக் காலைல போன் போட்டு மூணே விஷயம் கேளுங்க: அம்மாவோட ப்ளாக் ஜீன் டெஸ்ட் பண்ற இடத்துக்குப் போய் சேந்துருச்சா, சதை போதுமா, எல்லா ஜீனும் சேத்துப் பாக்குற என்ஜிஎஸ்ஸா இல்ல இஜிஎஃப்ஆர் மட்டுமா. ப்ளாக் ஒரு வாரம் ஏதோ ஒரு ட்ரேல தூங்கிட்டு இருந்தத நான் ஒரு தடவைக்கு மேல பாத்திருக்கேன்.